தொண்ணூறுக்கு மேலே

வாவா நகரில் மாதம் ஒருநாள்தான் வழக்கு.
ஹொக்கி மண்டபத்தின் மேல்மாடியில் ஒரு கூடம்.
கீழே பயிற்சி. பலகையில் பக் மோதும் சத்தம்
நீதவான் பூஷாரின் வசனங்களுக்கு
கண்ட கண்ட இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தது.

கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
வழக்கம்போல் சத்தியம் செய்துகொண்டேன்.
உரைபெயர்ப்பாளருக்கு அவ்வளவுதான் வேதம்.

குற்றச்சாட்டில் ஒரு வினைச்சொல்: எக்ஸீட்.
தொண்ணூறு வரம்புள்ள வீதியில்
நூற்றிருபத்தேழில் போய்
சிவகடாட்சம் என்பவர் அதைச் செய்தாராம்.

மீறினார் என்றால் பாதித் தண்டனை அங்கேயே விழுந்துவிடும்.
தாண்டினார் என்றால் வேலிக்கு மேலால் பாய்ந்த ஆடு.
கடந்தார் என்றால் மனுசன் சாமியாராகிவிடுவார்,
குளிர்ப்பெட்டியில் இருபது தொன் கோழியோடு.

மீறினார் என்றேன். சட்டம் அப்படித்தான் பேசும்.

பழைய லத்தீனில் அது கோபமில்லாத சொல்.
எக்ஸ் என்றால் வெளியே. கேதெரே என்றால் போதல்.
புழுக்கம் தாங்காமல் ஒருவர் எழுந்து
கதவைத் தள்ளிக்கொண்டு போவதுபோல, அவ்வளவுதான்.
அதே கேதெரேக்கு விட்டுக்கொடுத்தல் என்றும் பொருளாம்.
போவதையும் விட்டுக்கொடுப்பதையும்
எப்படி ஒரே வாயால் சொன்னார்களோ ரோமர்கள்.

வரம்பு என்ற எங்கள் சொல்லில்
இன்னும் கொஞ்சம் சேறு ஒட்டியிருக்கிறது.
இங்கே அது இரும்புக் கம்பத்தில்
வெள்ளைத் தகட்டில்
ஒரு கறுப்பு எண்.

"ஏன் இந்த வேகம்?"
"கூடிப்போச்சுது" என்றார் சிவகடாட்சம்.

யார் கூட்டியது? எங்கள் வசனத்தில் யாருமே இல்லை.
அது தானாகக் கூடும், காய்ச்சல் மாதிரி, அரிசி விலை மாதிரி.
ஆங்கிலத்துக்கோ ஓர் ஆள் வேண்டும்.
'நான்' என்ற சொல்லை எடுத்து
அவர் தலையில் வைத்தேன்.
சத்தியத்தில் முதல் கீறல்.

பிறகு அவர் கேளாமலே சொன்னார்:
"மொன்றியல் றிவர் ஏற்றத்தில பனி கொட்டினா
பாதையைப் பூட்டிப்போடுவாங்கள், அம்மா.
முந்தியும் ஒருக்கால் பூட்டினவங்கள்.
அப்ப நாங்கள் சொன்ன இடத்திலயே நிண்டனாங்கள்.
கோட்டைத் தாண்டேல்லை.
மிஞ்சினது நானும் தங்கச்சியும்."

மிஞ்சினது.

கீழே பக் மோதியது.

ஊரையே ஓட்டத்தில் வெல்வதும் மிஞ்சுவதுதான்,
சட்டியின் அடியில் ஒட்டிக்கிடப்பதும் மிஞ்சுவதுதான்.
முந்திப் போனவனுக்கும் எஞ்சிப் போனவனுக்கும்
ஒரே வினைச்சொல் வைத்துக்கொண்டு
ரோமர்களைப் போய்க் குறை சொல்கிறேன்.

'எஞ்சியது நாங்கள் இருவர்' என்று
ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் கூட்டாமல், குறைக்காமல்.
எத்தனை பேரில் என்று பூஷார் கேட்கவில்லை.
யன்னலைப் பார்த்தார்,
சுப்பீரியர் ஏரி இருக்கும் பக்கம்.
(அந்தப் பெயருக்கு உயர்ந்தது என்று அர்த்தமில்லை.
ஏரிகளில் மேலே கிடப்பது, வரைபடத்தில்.)

நூற்றிருபத்தேழை வெட்டிவிட்டு
நூற்றைந்து என்று எழுதினார்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கார்த் தரிப்பிடத்தில்
கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி நின்றார்.
"எந்த வசனத்தில அந்த மனுசி குறைச்சவ?"
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.
அவருடைய ட்ரக் தெற்கே திரும்பியது,
மிக மெதுவாக.

எனக்கு இன்னும் ஒரு தாள் இருந்தது, சம்பளப் படிவம்.
ஒதுக்கிய நேரத்தை எக்ஸீட் செய்தீர்களா?
ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள்.
கண்ணாடியில் பனி உருகும்வரை
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.